தளம் மாறினாலும் தூண் நகரக் கூடாது: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

வெறும் கோடுகளால் வரையும் மென்பொருளை விட்டு, கட்டடத்தையே மாதிரியாக எழுப்பும் ரெவிட் (Revit) மென்பொருளுக்கு மாறலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அதன் பொதுவான வசதிகள் அவருக்கே தெரியும் என்பதால், ஆறு ஆண்டுகளாக என்னை விடாமல் உறுத்திவரும் ஒன்றை மட்டும் எழுதுகிறேன்: ஷீட்டில், அதாவது அச்சிடும் தாளில், வியூக்களை (பிளான், முகப்பு போன்ற தோற்றங்களை) நேர்ப்படுத்தும் வேலை.

மூன்று தளங்களின் பிளான்களை மூன்று தாள்களில் வைத்தால், மூலைத் தூண் மூன்றிலும் ஒரே இடத்தில் விழ வேண்டும். ஷீட்டில் வியூவை இழுத்து வைக்கும்போது மென்பொருள் தூணைப் பார்ப்பதில்லை; வியூவில் எவ்வளவு பகுதி தெரிய வேண்டும் என்று வரையறுத்து அதைச் சுற்றி நிற்கும் க்ராப் சட்டத்தைத்தான் பார்க்கிறது. ஒருமுறை முதல் தளத்தில் மட்டும் 1,200 மி.மீ. பால்கனி வெளியே நீண்டிருந்தது. அது தெரிவதற்காக க்ராப்பை அந்தப் பக்கம் அதே அளவுக்கு இழுத்து, சட்டத்தின் நடுவைத் தாளில் வழக்கமான இடத்தில் பொருத்தினேன். நடுப்புள்ளி 600 மி.மீ. விலகியிருந்தது, 1:100 அளவில் அது தாளில் 6 மி.மீ. தனித்தனியாகப் பார்த்தபோது எனக்குத் தெரியாத அந்த விலகல், இரண்டு பிடிஎஃப்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டமைப்புப் பொறியாளருக்கு உடனே தெரிந்தது. தூண் வரிசை மாறியிருக்கிறதா என்று அவர் கேட்டார். மாறவில்லை என்று நிறுவ எனக்கு அரை நாள் ஆனது.

அதன்பின் பிளான்கள் அனைத்துக்கும் ஒரே ஸ்கோப் பாக்ஸ் (பல வியூக்களின் க்ராப் எல்லையை ஒன்றாகக் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுக்கத் தொடங்கினேன். சட்டங்கள் ஒரே அளவாகிவிடுவதால் நடுவும் ஒன்றாகிவிடுகிறது. வெட்டுத்தோற்றங்களுக்கும் முகப்புகளுக்கும், ஷீட்டின் மேல் வழிகாட்டியாக விரியும் கட்டக் கோடுகளான கைடு கிரிட் உதவுகிறது: ஒரே கைடு கிரிட்டை எல்லா ஷீட்டுகளுக்கும் கொடுத்து, மூவ் கட்டளையால் தரைமட்டக் கோட்டைப் பிடித்து கிரிட்டின் ஒரு கோட்டில் கொண்டுபோய் வைத்தால் போதும், அச்சில் கிரிட் வராது. இப்படி ஒழுங்குசெய்த தொகுப்பைத் திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்கும்போது, சுவர்கள் மட்டும் மாறிக்கொண்டிருக்க, படிக்கட்டும் தூண்களும் அசையாமல் நிற்கும். அந்தக் காட்சி தரும் நிறைவை வேறு எந்த வரைவுக் கருவியிலும் நான் இவ்வளவு எளிதாகப் பெற்றதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் வியூவின் தலைப்புகள் இந்த ஒழுங்குக்குள் வருவதில்லை. வியூ சரியான இடத்தில் அமர்ந்தாலும், தலைப்பு தன்போக்கில் ஒரு பக்கம் நிற்கும். அதன் அடிக்கோட்டின் நீளத்தை மாற்ற, வியூபோர்ட்டை (ஷீட்டில் வைத்த வியூவின் சட்டத்தை) தேர்ந்தெடுத்து, அடிக்கோட்டின் முனையைப் பிடித்து இழுக்க வேண்டும். நேற்று மட்டும் 22 ஷீட்டுகளில் இதை ஒவ்வொன்றாகச் செய்தேன். தூணைக் கிரிட்டோடு இவ்வளவு துல்லியமாகப் பொருத்த வழி செய்யத் தெரிந்த மென்பொருள்காரர்கள், ஒரு வரி எழுத்தைப் பக்கத்து ஷீட்டில் உள்ளதோடு பொருத்த வழி செய்யாதது என்னால் ஏற்க முடியாத குறை.

நண்பருக்கு நான் எழுதிய பதில், இப்போதைக்கு மாற வேண்டாம் என்பதுதான். மாறுவதென்று அவர் முடிவெடுத்தால், முதல் வியூவை ஷீட்டில் வைப்பதற்கு முன்பே ஸ்கோப் பாக்ஸை வரைந்துவிடச் சொல்லியிருக்கிறேன், பால்கனியையும் உள்ளடக்கி.