வீட்டுப் புரோக்கர் அனுபவம்: ஐந்துக்கு இரண்டு

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துத் தரும் ஒரு புரோக்கரிடம் போயிருந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு நட்சத்திரம் கொடுக்கிறேன், இரண்டுமே சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதற்காக.

முதல் போனிலேயே பட்ஜெட், எத்தனை பேர், பைக்கா காரா எல்லாம் கேட்டார், சரி, விவரமான ஆள் என்று நினைக்கும்போதே "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" என்றார், அப்புறம் குரலைத் தணித்து "தப்பா நினைக்காதீங்க சார், நீங்க என்ன ஆளுங்க?" ஏன் என்று கேட்டேன். "நான் கேக்கல சார், ஓனர் கேப்பாங்க."

எந்த ஓனர்? அப்போது எந்த வீட்டையும் அவர் சொல்லியிருக்கவில்லை! நாலு மாடி ஏறி இறங்கி நேரில் கேட்க வேண்டிய 'இல்லை'யைப் போனிலேயே முடித்துவைப்பதுதான் இவருடைய தொழில் திறமை. அலைச்சல் மிச்சம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் மறுத்தார், எதற்காக மறுத்தார் என்பது கடைசிவரை தெரியாது. "அந்த வீடு போயிடுச்சு சார்" என்று அவர் சொன்ன ஒரு வீட்டு கேட்டில் ஒரு வாரம் கழித்தும் டு-லெட் போர்டு தொங்கியது.

வக்கீல் நண்பன் ஒருவனிடம் புலம்பினேன். அவன் சொன்னது இது: அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, சாதி மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாத இடங்களாகக் கடை, ஓட்டல், கிணறு, குளம் என்றெல்லாம் பட்டியல் போடுகிறது, தனியார் வாடகை வீடு அதில் இல்லை. வேலை விஷயத்தில் 16ஆவது பிரிவும் அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தீண்டாமை என்றால் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குடியிருப்பு வரை வரும், ஆனால் மறுத்தார்கள் என்பதையே முதலில் காட்ட வேண்டுமே, "வீடு போயிடுச்சு" என்பதை வைத்து எதைக் காட்டுவது? திருநர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும், எச்ஐவி உள்ளவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வாடகை வீட்டையே குறிப்பிட்டுப் பாகுபாடு கூடாது என்கின்றன. கறி சாப்பிடுகிறவனுக்கு அப்படி ஒரு வரி கிடையாது.

அட்வான்ஸ் பற்றியும் ஒன்று. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. நம்மவர் வாயைத் திறந்தாலே பத்து மாதம்தான்.

கடைசியில் வீடு கிடைத்தது தெருமுனை டீக்கடைக்காரர் சொல்லி. ஓனரம்மா கேட்டது ஒன்றே ஒன்று, மோட்டார் போடத் தெரியுமா. புரோக்கருக்கு விஷயம் தெரியாது போல, போன வாரம் போன் செய்தார்: "சார், சைவ வீடு ஒண்ணு வந்திருக்கு, ஒரு வருஷம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறீங்களா?"