காற்று இறங்கி ஓடிய இரண்டு டயர்கள்: ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை

என் காரின் நான்கு டியூப்லெஸ் டயர்களும் ஒன்றாக வாங்கியவை. நிறுவனம் சொல்லும் காற்று 33 பிஎஸ்ஐ. அவற்றில் இரண்டு வெவ்வேறு சமயங்களில் காற்றுக் குறைவாக ஓடின. ஒன்றைப் பட்டன், அதாவது சாலையில் படும் வரிகள், தேயும்வரை ஓட்டினேன். மற்றொன்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பியிருந்தால் முடிவு நேர்மாறாகியிருக்கும்.

தேறியது பின்பக்க இடது டயர். வால்வு கசிந்து, அளக்கும்போதெல்லாம் 26, 27 என்றே காட்டும். ஓட்டமெல்லாம் ஊருக்குள்தான். பக்கச்சுவரில் நடைபாதைக் கல் உரசிய வடு வேறு. பார்க்கவே பாவமாக இருக்கும். வால்வை மாற்ற எப்படியும் ரிம்மிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, தூசுகூட இல்லை. அதன்பின் காற்றும் இறங்கவில்லை, புடைப்பும் எழவில்லை.

மற்றது முன்பக்க டயர். திண்டிவனம் தாண்டி விழுப்புரம் சாலையில், இரவு மழையில் ஆணி ஏறியது. ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. நிறுத்த இடமில்லாத பாலம். கடந்து ஓரம் கட்டுவதற்குள் டயர் தரையோடு படிந்துவிட்டது. ஸ்டெப்னியை மாட்டி ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் பஞ்சர் கடையில் காற்றடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்து நின்றது. ஆணி ஏறிய துளை பட்டனின் நடுவில், சிறியது; ஒட்டத் தகுந்ததுதான். பக்கச்சுவரைச் சுற்றி விரலகலத்துக்கு மங்கலாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தது.

கடைக்காரர் துளையில் செருகி அடைக்கும் ஒட்டுக் குச்சியை எடுத்துவிட்டார். “அண்ணே, கழற்றி உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவோம்” என்றேன். ஒரு விளிம்பை நெம்பி டயரைச் சாய்த்ததும் காபித்தூள் மாதிரி கறுப்புத் தூள் கொட்டியது. உட்சுவர் சுருக்கம் விழுந்து சொரசொரத்திருந்தது. ஓரிடத்தில் ரப்பருக்குள் இருக்கும் நூலே தெரிந்தது. “இது வேண்டாம் சார்” என்று அவரே குச்சியைத் திரும்ப வைத்துவிட்டார்.

காற்று இல்லாதபோது வண்டியின் பாரம் பக்கச்சுவரில் இறங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்ந்து சூடேறுகிறது. ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகிறது. ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கும் உட்புறம் அரைபட்டுத் தூளாகிறது. மறுபடி காற்றடித்தால் இந்தச் சேதம் மறையுமே தவிர, ஆறாது. பின்னொரு நாள் வெயிலில், முழுப் பாரத்தோடு, வேகமாகப் போகும்போது வெடிக்கக்கூடிய டயர் அது.

லாரி டயர் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு: உரிய காற்றில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடிய டயரைக் கழற்றிச் சோதிக்காமல் காற்றடிக்கக் கூடாது. 33க்கு அந்தக் கோடு 26 சொச்சம். அமெரிக்க விதிப்படி டாஷ்போர்டின் டயர் காற்று எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டியதோ 25 சதவீதம் குறைந்த பிறகுதான். ஆகவே விளக்கு எரியாததை நான் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுகிறேன்.

உள்ளே ஊற்றும் பஞ்சர் திரவத்தையும் நிறுத்திவிட்டேன். பஞ்சரை அது அடைக்கும், உண்மைதான். ஆனால் உட்சுவர் முழுக்கப் பசைபோல் அப்பிக்கொண்டால் தூளும் தெரியாது, சுருக்கமும் தெரியாது.

முன்பக்கத்துக்கு ஜோடியாகப் புதிய டயர்கள் வாங்க வேண்டியதாயிற்று. கழற்றிப் பார்க்க ஆன கூலி சில நூறு ரூபாய். மிஞ்சிய பழைய முன்டயர் இப்போது ஸ்டெப்னியாக இருக்கிறது.