மாண்ட்ரலில் இருந்து சென்டருக்கு: பேனா கடைசலில் மூன்று வருட அனுபவம்

மரப் பேனா கடைபவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கடைந்து, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றிப் பொருத்திப் பார்த்தால் ஒரு பக்கம் மரம் உலோக வளையத்தோடு சமமாக இருக்கும். எதிர்ப்பக்கம் மேடு தட்டும். லேத் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. நிறுத்திவிட்டு, மரமும் புஷ்ஷும் (கடையும்போது அளவு காட்ட மர முனையில் மாட்டும் உலோக உருளை) சேரும் இடத்தில் நகத்தை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் தடுக்கும். அரைச் சுற்று போனதும் வழுக்கிவிடும்.

முதல் வருடம் முழுக்க மாண்ட்ரலில், அதாவது மரத் துண்டுகளைக் கோத்துச் சுழற்றும் கம்பியில்தான் கடைந்தேன். உளிதான் சரியில்லை என்று தீட்டிக்கொண்டே இருந்தேன். காரணம் வேறு. மரம் வழுக்கக் கூடாதென்று நட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, லேத்தின் மறுமுனையில் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக்கையும் நெருக்கித் தள்ளியிருக்கிறேன். மரத்துக்குள் ஒட்டும் 7 மி.மீ. பித்தளைக் குழாய்க்குள் நுழைகிற மெல்லிய கம்பி அது. இரண்டு முனையிலும் அழுத்தினால் வில்லாக வளையாமல் என்ன செய்யும்? போதாததற்கு, கம்பி நுனியில் இருக்கும் குழி 60 டிகிரி. அந்தக் குழியில் உட்கார்ந்து தாங்கும் கூம்பு முனைதான் சென்டர்; நான் வைத்திருந்ததன் கோணம் வேறு. விளிம்பில் மட்டும் உட்கார்ந்து ஆடியது.

அடுத்து, உள்ளே துளையுள்ள சென்டர் வாங்கினேன். கம்பி அதற்குள் போய்விடும், அழுத்தம் புஷ் மேல் மட்டும் விழும். நல்ல பொருள்தான். ஆனால் ஏற்கெனவே வளைந்த கம்பி நிமிராதே! கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறைந்தது.

கடைசி ஒன்றரை வருடமாகக் கம்பியே இல்லை. இரண்டு 60 டிகிரி சென்டர்கள், நடுவில் அதற்கேற்ற புஷ்கள், ஒரு நேரத்தில் ஒரு துண்டு. நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடு போயே போய்விட்டது. உப்புத்தாள் புஷ்ஷையும் தேய்த்துவிடும் என்பதால், இப்போது அளவுக்கு வெர்னியரைத்தான் நம்புகிறேன்.

இதிலும் கோட்டம் வரும் வழிகள் உண்டு. மரத்தின் முனை பித்தளைக் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவப்படாவிட்டால் புஷ் சாய்ந்து உட்காரும். குழாய் வாயில் பசை காய்ந்திருந்தாலும் அதேதான். லேத்தில் மரத்தைச் சுழற்றும் பக்கமான ஹெட்ஸ்டாக்கின் துளையில் ஒட்டிய மரத்தூளையும் துடைத்துவிடுங்கள். அப்புறம், ஈரம் காயாத மரத்தை எப்படிக் கடைந்தாலும் நாளடைவில் முட்டை வடிவத்துக்குப் போகும். அதற்கு லேத் என்ன செய்யும்?

மாண்ட்ரலிலேயே தொடர்பவர்கள், நகம் தடுத்தால் உளியை எடுக்கும் முன் டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மறுபடி மெல்லிசாக ஒரு சுற்று கடைந்து பாருங்கள்.