ஆள் கணக்கா, நிலையான மானியமா? பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான உதவி மையங்களுக்கு அரசு பணம் தரும் வழிகள்

பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கான சிறப்பு உதவி மையங்களை அரசுப் பணத்தில் நடத்த வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஐரோப்பிய மன்றத்தின் 2011ஆம் ஆண்டு இஸ்தான்புல் உடன்படிக்கை இதை, தன்னை ஏற்ற நாடுகளின் கடமையாகவே 25ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. அதன் விளக்க அறிக்கை, இரண்டு இலட்சம் மக்களுக்கு ஒரு மையம் என்ற அளவையும் பரிந்துரைக்கிறது. அந்தப் பணத்தை எந்த வடிவில் தருவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. நான் உறுப்பினராக இருக்கும் ஒரு மையத்தின் நிர்வாகக் குழு அண்மையில் இந்தத் தேர்வைச் செய்ய வேண்டியிருந்தது. உதவி பெறும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கணக்கிட்டுத் தரும் ஓராண்டு ஒப்பந்தம் ஒரு பக்கம். கூட்டிப் பார்த்தால் அதைவிடக் குறைந்த தொகையை, சம்பளம், வாடகை, பயிற்சி ஆகிய நிலைச் செலவுகளுக்காகப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்யும் மானியம் மறுபக்கம். நாங்கள் மானியத்தைத் தேர்ந்தோம். அந்த முடிவு சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில், அரசே நேரடியாக நடத்தும் மையங்கள். இந்தியாவில் 2012 டிசம்பர் தில்லிக் கொடுமையை அடுத்து, 2013 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. அந்த நிதியிலிருந்து 2015 முதல் 'சகி' என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் தொடங்கப்பட்டு, இன்று நாடெங்கும் 800-க்கும் மேல் இயங்குகின்றன. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, சட்ட உதவி, ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்), தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். முதல் சில நாட்களுக்கு இந்த வடிவத்தை மிஞ்ச வேறொன்று இல்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு விரைவாகக் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். தடயங்களும் மணிக்கணக்கில் அழிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் மாற்றி மாற்றி அலையவிடாமல் இருப்பதே பெரிய உதவி. மான்செஸ்டரின் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் 1986-இல் தொடங்கிய மையம் இந்தச் சிந்தனைக்கு முன்னோடி.

ஆனால் பாலியல் வன்முறையின் விளைவுகள் முதல் வாரத்தோடு முடிவதில்லை. சகி மையத்தில் தங்கும் காலம் பொதுவாக ஐந்து நாட்கள். குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, கடத்தல் என எல்லா வகைப் புகார்களும் அதே மேசைக்குத்தான் வருகின்றன. எல்லோருக்கும் பொதுவான இடத்தில், பாலியல் வன்முறைக்கென்றே பயிற்சி பெற்றவர் ஒருவர் அந்த ஒரு பெண்ணுக்காகப் பல மாதங்கள் ஒதுங்கி உட்கார முடியாது. மேலும், அரசு அலுவலகத்தின் வாசலை மிதித்தாலே புகார் பதிவாகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். காவல்துறைக்குப் போக விரும்பாதவருக்கும், தன்னைத் தாக்கியவர் அரசுப் பணியிலோ சீருடையிலோ இருக்கிறார் என்பவருக்கும், அரசிடமிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் ஓர் இடம் தேவை.

அடுத்த வழி, பணத்தை மையத்துக்குத் தராமல் பாதிக்கப்பட்டவரின் உரிமையாக்குவது. நியூசிலாந்தின் விபத்து இழப்பீட்டுக் கழகம், பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் உளச்சிகிச்சைச் செலவை ஏற்கிறது. காவல்துறையில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்றோ குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ அது கேட்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இன்றுதான் வாய்விட்டுச் சொல்ல முடிந்தவருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இதை நான் மனமார மதிக்கிறேன். இருந்தாலும் நீண்ட கால உதவி வேண்டுமென்றால், அந்த நிகழ்வால் மனநலப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது என்பது மதிப்பீட்டில் உறுதியாக வேண்டும். உதவி பெறுவதற்காகவே தன் காயத்தை இன்னொருவர் முன் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. அதோடு, சிகிச்சை அமர்வுக்குப் பணம் கிடைக்கும். இரவில் ஒலிக்கும் தொலைபேசியை எடுக்க ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பதற்கான செலவு எந்தத் தனிநபர் கணக்கிலும் ஏறாது. இந்தியாவில் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் வன்கலவிக்கு ஆளானவருக்கு 4 முதல் 7 இலட்சம் ரூபாய் வரை இழப்பீடு வகுத்திருக்கிறது. அது தேவையான நீதி. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவர் போய்ச் சேரும் மையம் இருந்தால்தான் அது சேவையாகவும் மாறும்.

இனி, எங்கள் முன் இருந்த இரண்டும். ஒப்பந்தத்தின் நியாயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்: அரசு தன் பணத்துக்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்க முடியும், தூங்கும் மையங்கள் விழிக்கும், பலர் வந்தால் பணமும் கூடும். இவற்றை நான் மறுக்கவில்லை. மாறாக, இந்தப் பணியில் எது விலைமதிப்புள்ளதோ அதை அந்த ஒப்பந்தத்தின் கணக்குமுறை பார்க்கவே இல்லை என்பதுதான் எங்கள் முடிவை நிர்ணயித்தது. அந்த விலைமதிப்புள்ள பொருள், முதல் நாளிலிருந்து கூடவே இருக்கும் அதே ஆள்.

ஒருவர் தனக்கு நேர்ந்ததை முதன்முறையாகச் சொல்லி முடிக்கப் பல சந்திப்புகள் ஆகலாம். அதைக் கேட்ட ஆற்றுப்படுத்துநர் வேலையை விட்டுப் போனால், அடுத்தவரிடம் தொடக்கத்திலிருந்து மீண்டும் சொல்ல வேண்டும். காவல்துறையிடம், மருத்துவரிடம், நீதிமன்ற நடுவரிடம் ஏற்கெனவே சொன்னவருக்கு, உதவி மையத்திலும் மறுபடி சொல்ல நேர்வது உதவியாகாது. சிலர் அத்தோடு வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள். ஓராண்டு ஒப்பந்தத்தில் நடக்கும் மையங்களில் இது ஆண்டுதோறும் நேர்கிறது. நிதியாண்டின் கடைசி மூன்று மாதங்களில், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாத நிலையில், தொகுப்பூதியத்தில் இருக்கும் பணியாளர்கள் வேறு வேலை தேடத் தொடங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; அவர்களுக்கும் வீட்டு வாடகை உண்டு. பயிற்சி கொடுத்து, மேற்பார்வையில் வைத்து, இந்த வேலையின் பாரத்தைத் தாங்கப் பழகிய ஒருவர் கிளம்பும்போது, பணத்தால் உடனே நிரப்ப முடியாத இடமொன்று காலியாகிறது. வழக்கு விசாரணையோ எந்த நிதியாண்டுக்கும் கட்டுப்படாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. புகார் கொடுத்த நாளில் உடனிருந்தவர், சாட்சிக்கூண்டில் ஏறும் நாளிலும் உடனிருப்பாரா என்பதே நான் எந்த நிதி ஏற்பாட்டைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி.

எங்களுக்கு வந்த ஒப்பந்தத்தின் காலாண்டுப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்தவர்கள், நடத்திய அமர்வுகள், முடித்துவைத்தவை என்று கட்டங்கள் இருந்தன. முடித்துவைத்த ஒவ்வொன்றுக்கும் தொகையின் கடைசித் தவணை விடுவிக்கப்படும். இப்போது ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். ஆற்றுப்படுத்துநர் ஒருவர் காலை பத்து மணிக்கு ஒரு பெண்ணுடன் நீதிமன்றத்துக்குப் போகிறார். குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர்கள் நிற்கும் அதே தாழ்வாரத்தில், அந்தப் பெண்ணின் கண்ணில் அவர்கள் படாதபடி மறைத்தாற்போல் அமர்கிறார். மாலை நான்கு மணிக்கு வாய்தா போடப்படுகிறது. பேருந்து ஏறும்வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்புகிறார். படிவத்தில் அந்த நாளுக்கு ஒரு கட்டமும் இல்லை. அதே நாளில் மையத்தில் இருந்து மூன்று புதியவர்களுக்குத் தலா ஓர் அமர்வு நடத்தியிருந்தால் மூன்று வரிகள் நிறைந்திருக்கும். நல்லெண்ணம் கொண்ட மையமும் காலப்போக்கில் எந்தப் பக்கம் இழுக்கப்படும் என்பதை விளக்கத் தேவையில்லை. 'முடித்துவைத்தவை' என்ற கட்டம் இன்னும் தீங்கானது. ஆறு மாதம் வராமல் இருந்து, தீர்ப்பு வந்த மறுநாள் உடைந்துபோய் வரும் ஒருவரை அது புதிய கணக்காக்குகிறது, அல்லது வாசலிலேயே தயங்க வைக்கிறது.

இரகசியம் குறித்தும் ஒரு சொல். ஒப்பந்தம் தருபவர் தகவலைக் கேட்கும் உரிமையும் பெறுகிறார். ஆஸ்திரேலியாவின் 1800 ரெஸ்பெக்ட் என்ற தேசிய உதவி எண்ணில் 2017-இல் நடந்ததை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கவில்லை. முதன்மை ஒப்பந்தம் ஒரு தனியார் நலக் காப்பீட்டுக் குழுமத்திடம் இருந்தது. அதன்கீழ் சிறப்பு ஆற்றுப்படுத்தலை நடத்திவந்த அமைப்பு, பயனாளிகளின் குறிப்புகளைப் பாதுகாப்பதிலும் பணியின் தரத்திலும் தனக்குள்ள கவலைகளைச் சொல்லிப் புதிய ஒப்பந்தத்தை ஏற்காமல் விலகியது. மானியத்திலும் அரசு கணக்குக் கேட்கும், கேட்கவும் வேண்டும். ஆனால் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் பணம் எங்கே போனது என்பதைத்தான் காட்டுகின்றன, யார் அழுதார் என்பதைக் காட்டுவதில்லை.

மானியம் என்று பெயர் வைத்தால் மட்டும் நிலைத்தன்மை வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 1984-இல் உருவான குற்றப் பாதிப்பாளர் நிதி, வரிப்பணத்திலிருந்து வராமல் கூட்டாட்சி வழக்குகளின் அபராதத் தொகையிலிருந்து வருகிறது. குற்றவாளிகளின் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போவது நெஞ்சுக்கு இதமான ஏற்பாடுதான். ஆனால் பெருநிறுவன வழக்குகள் தண்டனையில் முடியாமல் உடன்பாடுகளில் முடியத் தொடங்கியதும், அந்தத் தொகை இந்த நிதிக்கு வராமல் பொதுக் கருவூலத்துக்குப் போனது. ஆண்டுக்கு இவ்வளவு எடுக்கலாம் என்ற உச்சவரம்பு 2018-இல் 440 கோடி டாலருக்கு மேல் இருந்தது. 2024-இல் 140 கோடிக்கும் கீழே இறங்கியது. அந்த ஓட்டையை அடைக்க 2021-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் நிதி பழைய நிலைக்கு மீளவில்லை. வன்முறைக்கு ஆளானோர் எண்ணிக்கைக்கும் ஒரு வங்கி கட்டும் அபராதத்துக்கும் தொடர்பே இல்லை. ஆகவே மூலம் பொது வரவு செலவுத் திட்டத்தில் இருக்க வேண்டும், காலம் மூன்றாண்டுக்குக் குறையக் கூடாது, விலைவாசிக்கு ஏற்ப உயர வேண்டும். இந்த மூன்றும் இல்லாத மானியம், ஒப்பந்தத்தைவிடப் பெரிதாக மேலானதல்ல.

மானியத்துக்கு எதிராக நான் மதிக்கும் வாதம் ஒன்றே. அது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சாதகமானது. மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், ஆண்கள், மொழி தெரியாத புலம்பெயர் தொழிலாளர்கள் ஆகியோருக்கென்று புதிதாகத் தொடங்கும் சிறு அமைப்புகள், பழைய மையங்கள் பல்லாண்டு மானியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நுழைய இடமில்லாமல் போகிறது. மொத்தத் தொகையில் ஒரு பங்கைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கிவைப்பதே இதற்கு நான் கண்ட வழி. எங்கள் பகுதித் துறை அதை ஓரளவு செய்கிறது. குழந்தைகளுக்கான சேவையில் என் அனுபவம் குறைவு. அங்கே உடன்நிற்போரைக் குழந்தை நலக் குழு மூலம் நியமிக்கும் முறை தனியே இருப்பதால், ஆள்வாரியாகப் பணம் தருவது ஒருவேளை பொருந்தலாம். மக்கள் மிகச் சிதறி வாழும் மலைப்பகுதிகளிலும் நான் பணியாற்றியதில்லை. நிலையான ஒரு மையத்தைவிட மருத்துவமனையோடு இணைந்த சேவையே அங்கே முதலில் வேண்டியிருக்கும்.

ஒப்பந்தம் தவிர வேறு வழியில்லாத மையங்கள் பல இருக்கின்றன. அவர்கள் கையெழுத்திடும் முன் பேசிப் பெற வேண்டியவை சில உண்டு. நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் உடன்செல்லும் நேரம் மணிக்கணக்கில் பணமாக வேண்டும். 'முடித்துவைத்தவை' என்ற கட்டத்துக்குப் பணத்தோடு தொடர்பு இருக்கக் கூடாது; திரும்பி வருபவர் பழைய எண்ணிலேயே தொடர வேண்டும். பெயரும் அடையாளமும் உள்ள குறிப்புகள் மையத்தை விட்டு வெளியே போகாது என்பது தனிப்பிரிவாக எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால், நடந்துகொண்டிருக்கும் வழக்குகளில் இருக்கும் பணியாளருக்கு மட்டுமாவது ஆறு மாதச் சம்பளம் தொடர வேண்டும். இந்தக் கடைசிப் பிரிவைத்தான் அதிகாரிகள் முதலில் அடித்துவிடுவார்கள். மற்றவற்றில் விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.