எச்சில் கிட்டா, ஊதா மூடி ரத்தக் குழாயா?

நான் கட்டியது சொந்த அத்தை மகளை. எங்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. தருமபுரிப் பக்கம் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனாலும் குழந்தை பற்றிப் பேச்சு வந்ததும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோயான தலசீமியாவை நினைத்து வயிற்றில் புளி கரைத்தது. அதனால் இரண்டையும் எடுத்துப் பார்த்தேன்: எச்சிலை வைத்து மரபணுவைப் பார்க்கும், கூரியரில் வரும் கிட் ஒன்று, நான்கு ரோடு பக்கத்து லேபில் எடுத்த, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனை ஒன்று.

விலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிட் ஆறாயிரத்துச் சொச்சம். லேபில் ஆளுக்கு ஆயிரம்தான். கிட்டுக்கு அரை மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நுரை கணக்கில்லை, எச்சில் கோடு வரை ஏறணும். கால் மணி நேரம் துப்பினேன். "துப்பறதுக்குக் காசு குடுக்கறது உங்க காலத்துலதான் மாப்ள" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றே ஒன்று. ரிப்போர்ட் 'இல்லை' என்று சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்?

இப்படிப்பட்ட கிட்டுகள் பெரும்பாலும் மரபணுவை முழுதாகப் படிப்பதில்லை, குறித்துவைத்த சில இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கின்றன. தலசீமியாவில் ஒரு வகையான பீட்டா தலசீமியாவை உண்டாக்கும் மாற்றங்களோ 200-க்கும் மேல். காபி தாங்குமா, காதுக் குறும்பி எந்த வகை என்பதற்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்த என் ரிப்போர்ட்டில் 'தலசீமியா: காணப்படவில்லை' என்று ஒரு வரி. எதையெல்லாம் பார்த்தார்கள் என்பது அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது.

ஹெச்.பி.எல்.சி. விதையைத் தேடாமல் வெள்ளாமையை எடை போடுகிறது. எந்த இடத்தில் பிழை இருந்தாலும் ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 3.5 சதவீதம் வரை கவலையில்லை, 4-ஐத் தாண்டினால் அநேகமாக கேரியர், அதாவது நோய் இல்லாமல் பிழையை மட்டும் சுமப்பவர். எனக்கு 5.1.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. மனைவிக்கு 2.6 வந்தும் டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இரும்புச்சத்துக் குறைந்தால் ஏ2-வும் இறங்கி, கேரியரை மறைத்துவிடலாமாம். மூன்று மாதம் மாத்திரை போட்டு மறுபடி பார்த்ததில் 2.8. அப்புறம்தான் மூச்சு வந்தது. இருவருமே கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோயே வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒருவர் மட்டும் என்றால் குழந்தையும் கேரியராகலாம், அவ்வளவுதான்.

கிட் கம்பெனியிடம் நம் தகவல் தங்கிவிடுவது தனிக் கவலை. இப்படிக் கிட் விற்கும் அமெரிக்காவின் 23அண்ட்மீ கம்பெனி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, வாடிக்கையாளர்களின் மரபணு விவரமும் விற்பனைக்கான சொத்துக் கணக்கில்தான் வந்தது.

எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளைப் படிக்கும் சோதனை) போன்ற பெரிய சோதனைகள் பற்றி அனுபவித்துச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குடும்பத்தில் வேறு பரம்பரை நோய் இருந்தால் என் ஆயிரம் ரூபாய்க் கணக்கு உங்களுக்கு உதவாது, மரபியல் டாக்டரைத்தான் பார்க்கணும்.

தம்பிக்கு அரூரில் பெண் பார்க்கிறோம். அவனும் கேரியராக இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாளைக் காலையில் லேபுக்குக் கூட்டிப்போகிறேன். வெறும் வயிறு வேண்டாம், இட்லி சாப்பிட்டே வரலாம்.