லேபிளில் முயல், குழாயில் சுண்டெலி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு கொழும்பு முகவர்களிடம் ஆய்வுக்குப் பிறபொருளெதிரி (antibody, குறித்த ஒரு பொருளைத் தேடிப் போய் ஒட்டும் புரதம்) வாங்குகிறவர்கள் கொஞ்சம் கவனமாக இருங்கள். முகவரின் பெயரைப் போடவில்லை, விஷயம் இன்னும் இழுபடுகிறது.

எனக்குத் தேவைப்பட்டது மூளையில் உள்ள காபா ஏ வாங்கியின் (GABA-A receptor) ஆல்பா 6 உப அலகைக் காட்டும் பிறபொருளெதிரி. நரம்புக் கலத்தை அடக்கி வைக்கும் காபா என்ற இரசாயனம் போய் ஒட்டும் இடம் இந்த வாங்கி. ஐந்து உப அலகுகள் சேர்ந்தால்தான் ஒரு வாங்கி. பாலூட்டிகளில் 19 வகை அலகுகள் இருப்பதால், பிறபொருளெதிரி எதைப் பிடிக்கிறது என்பதில்தான் முழு வேலையும் தங்கியிருக்கிறது. ஆல்பா 6 கிட்டத்தட்ட சிறுமூளையின் சிறுமணிக் கலங்களில் மட்டும் இருப்பது. பெருமூளைப் புறணியில் தெரிந்தால் ஏதோ பிழை.

முழுக் காசும் முற்பணம், 160,000 ரூபாய். நாலு மாதம் காத்திருந்தேன். வந்தது ஆடி மாதம், கச்சான் காற்று அடிக்கிற நேரம். வெள்ளிக்கிழமை கொழும்பில் ஏற்றிய பெட்டி சனியும் ஞாயிறும் கூரியர்காரரிடம் கிடந்து திங்கள் காலைதான் கைக்கு வந்தது. ரெஜிபோம் பெட்டியைத் திறந்தால் ஐஸ் பைகள் வெதுவெதுப்பாக, கொழகொழவென்று. இருந்தும் கையெழுத்து வைத்தேன், அது என் பிழை. சின்னக் குழாயில் சாதாரண பிரிண்டரில் அடித்த தாள் ஒட்டியிருந்தது. லொட் இலக்கம் இல்லை. தாளின் ஓரத்தில் வேறொரு லேபிளின் நீலக் கீற்று எட்டிப் பார்த்தது. அப்போதே நகத்தால் சுரண்டியிருக்க வேண்டும்.

கூட வந்த விபரத்தாளில் முயலில் செய்த பிறபொருளெதிரி என்று இருந்தது. அதன்படி முயலுக்கு எதிரான இரண்டாம் பிறபொருளெதிரியை, அதாவது முயலில் செய்ததில் போய் ஒட்டி அதைக் கண்ணுக்குக் காட்டுவதைப் போட்டு, மூளைப் புரதங்களைப் பிரித்துத் தேடும் வெஸ்டர்ன் புளொட் செய்தேன். ஒன்றுமில்லை. மென்சவ்வுப் புரதத்தைக் கொதிக்க வைத்தால் கட்டிபட்டுவிடும், அதனால் சூட்டைக் குறைத்துத் திரும்பவும் செய்தேன். அப்போதும் வெறுமை. மூன்று எலிகளின் மூளை இப்படிப் போனது. என் கைதான் சரியில்லை என்று இரண்டு கிழமை நித்திரையில்லை.

முகவருக்கு அழைத்தேன். "மிஸ், உங்கட பக்கத்து வெயிலில பழுதாகியிருக்கும், நாங்க என்ன செய்யிறது?" என்றார்.

அப்புறம்தான் எங்கள் ஆய்வுகூடத்து அண்ணன் ஒருவர் சொன்னார், "தங்கச்சி, மூளையை விடு, குழாயையே சோதிச்சுப் பார்." புரதம் ஒட்டிக்கொள்ளும் நைத்திரோசெல்லுலோசுத் தாள்துண்டு இரண்டில் குழாயிலிருந்து ஒவ்வொரு மைக்ரோலீற்றர் சொட்டு வைத்துக் காயவிட்டோம். பக்கத்திலேயே, நன்றாக வேலை செய்யும் பழைய முயல் பிறபொருளெதிரி ஒரு சொட்டு. ஆடை நீக்கிய பால்மாக் கரைசலில் ஊறவைத்து, ஒன்றுக்கு முயலுக்கு எதிரானதும் மற்றதுக்குச் சுண்டெலிக்கு எதிரானதும் விட்டு, கழுவி நிறமூட்டினோம். முயல் துண்டில் பழையதன் சொட்டு மட்டும் பழுப்பானது. சுண்டெலித் துண்டில் நான் வாங்கியது, ஐந்து நிமிடத்துக்குள் தேயிலைக் கறை மாதிரி.

சூடு பிறபொருளெதிரியைக் கெடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். முயலைச் சுண்டெலியாக்காது.

சரி, சுண்டெலிக்கு உரியதையே போட்டுத் திரும்ப புளொட் செய்தேன். புறணியிலும் சிறுமூளையிலும் ஒரே தடிப்பில் பட்டை. இரண்டாம் பிறபொருளெதிரியை மட்டும் விட்டபோது எதுவும் தெரியவில்லை. ஆக, குழாயில் ஏதோ பிறபொருளெதிரி இருக்கிறது, ஆல்பா 6க்கு உரியது இல்லை. லேபிளையும் சுரண்டினேன். கீழே பாதி கிழிந்த வேறு கட்டலொக் இலக்கம்.

படங்களை அனுப்பிய பிறகு முகவர் அழைப்பை எடுப்பதில்லை. பாதிக் காசு தருவதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது, அதுவும் அடுத்த ஓடரில் கழிப்பாராம். அடுத்த ஓடர்! இப்போது உற்பத்திக் கொம்பனிக்கே எழுதி, அந்த இலக்கம் எதற்குரியது என்று கேட்டிருக்கிறேன்.

குழாய் இன்னும் பிரீசரில் இருக்கிறது. இரண்டு வகை இரண்டாம் பிறபொருளெதிரியும் என்னிடம் உண்டு. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ யாருக்காவது தங்கள் குழாயில் சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுக் கொண்டுவாருங்கள், பின்னேரத்துக்குள் பார்த்துவிடலாம்.