பாண்டியா, கடலூரா? காதல் சஸ்பென்ஸ் நாவலுக்கு எந்த ஊர் பொருந்தும்?

காதலும் மர்மமும் கலந்த நாவலுக்கு ஊர் தேடுகிறவர்கள் முதலில் போய் நிற்பது பாண்டிச்சேரியில்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூ, பூட்டிய பெரிய கதவு, தெரு முனையில் கடல். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி இருக்கும் கடலூர் யார் நினைவுக்கும் வருவதில்லை. ஆனால் கொஞ்சமும் ஒட்டாத இரண்டு பேர் சேர்ந்து, கடைசியில் தங்களுக்கென்று ஒரு வீட்டைக் கண்டடைகிற கதை என்றால், நான் கடலூரைத்தான் சொல்வேன்.

இந்த வகை நாவலில் நம்மை இழுத்துப் பிடித்து உட்கார வைப்பது கொலையாளி யார் என்பது மட்டும் இல்லை. இவனை நம்பலாமா, இந்த வீட்டில் ராத்திரி கண்ணை மூடித் தூங்கலாமா என்கிற பயம்தான். காதலுக்கும் அதே பயம் உண்டு. இரண்டையும் தனித்தனியாக ஓட்டினால் ஒரு அத்தியாயம் காதல், அடுத்த அத்தியாயம் போலீஸ் என்று கதை துண்டு துண்டாகிவிடும். மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் கதை நடக்கிற ஊரே அந்தப் பயத்தைக் கொடுக்க வேண்டும்.

பாண்டியில் அந்தப் பயம் வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது; சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க அப்போது ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்காரர், தம்பி இன்னொரு நாட்டுக்காரர் ஆவதற்கு ஒரு கையெழுத்து போதும். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பத்தைச் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு குடும்பத்தின் வீடு இங்கே பூட்டிக் கிடக்கிறது, பிள்ளைகள் எல்லாம் பிரான்சில் என்று வைத்துக்கொள்வோம். சாவி ஒருவரிடம், வரி ரசீது இன்னொருவரிடம். வீட்டை விற்கலாம் என்று தனியாக வந்து இறங்குகிற பேத்தி வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறாள். வீடு ஏற்கெனவே கைமாறிவிட்டது. கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்படும் தாத்தா, அந்தத் தேதிக்கு இரண்டு வருஷம் முன்பே இறந்துபோனவர். சாவி வைத்திருக்கும் இளைஞனை அவள் காதலிப்பதா, சந்தேகப்படுவதா? அருமையான தொடக்கம், மறுக்கவில்லை.

வேவு பார்ப்பதும் அந்த ஊருக்குப் புதிதில்லை. பாரதி அங்கே இருந்த 1908 முதல் 1918 வரை பிரிட்டிஷ் ஒற்றர்கள் அவரையும் அவர் வீட்டுக்கு வந்து போகிறவர்களையும் கண்காணித்தபடியே இருந்தார்கள். 1918 நவம்பரில் அவர் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் பிடித்து அடைத்தது கடலூர்ச் சிறையில்.

ஆனால் கதை வீட்டைத் தேடத் தொடங்கும்போது பாண்டி கைவிட்டுவிடுகிறது. அந்த அழகான கதவுகளில் பலவற்றுக்குப் பின்னால் இன்று விடுதியோ காபிக் கடையோதான் இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். நடப்பதற்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே நடக்கிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏறிவிடுவார்கள். புதிதாக ஒரு பெண் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒளிந்துகொள்ள வசதிதான், ஆனால் அவள் அங்கே யாருக்கும் யாராகவும் ஆக முடியாது.

ஓ.டி. என்று சொல்லப்படும் பழைய ஊரான கடலூர் முதுநகர் இதற்கு நேர் எதிர். ஓ.டி. பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியோடு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், முதல் திண்ணையிலேயே "யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். தலைமறைவாக இருக்க வந்தவளுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. நாலு மாதம் கழித்து அவளைத் தேடி ஒருவன் வருகிறான். அதே திண்ணை ஆயா எழுந்து, "அது எங்க வூட்டுப் புள்ள, உனக்கு என்ன வேணும்?" என்று எகிறினால் போதும். அவளுக்கு வீடு கிடைத்துவிட்டது, மர்மமும் உச்சத்துக்கு வந்துவிட்டது. தனியாக ஒரு காட்சி எழுத வேண்டியதில்லை.

நிலமும் கதைக்கு ஒத்துழைக்கிறது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே உப்பனாறு. அந்தப் பக்கம் சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி என்று மீனவக் குப்பங்கள். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே இருக்கும். ஆழம் எங்கே என்று தெரிந்தவன் ஓட்டினால்தான் படகு பத்திரமாக உள்ளே வரும். அப்படிப்பட்ட ஒருவனை நம்பி அவள் ராத்திரியில் படகு ஏறுகிறாள். தன்னைத் துரத்துகிறவனிடம்தான் இவன் படகுக் கடன் வாங்கியிருக்கிறான் என்பது நடு ஆற்றில் தெரிகிறது. இறங்கி ஓடவும் முடியாது.

காலக்கணக்கும் கடலூருக்கே சாதகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், கையில் காசு இருக்காது, கடன் ஏறும். அவளை அப்போது ஊருக்குள் கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். கூண்டின் எண் கூடக் கூட அத்தியாயங்களின் வேகமும் கூடட்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவேதான் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2004 சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் வாழும் கரை இது. அதை வெறும் பரபரப்புக்காக யாரும் தொடக் கூடாது. வீடு போய் மறுபடி வீடு கட்டியவர்களாக அந்தக் குப்பத்து மனிதர்களை எழுதினால், வந்தவளுக்கு இடம் கொடுப்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று வாசகருக்குப் புரியும்.

அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, கல்லே தெப்பமாகி அவர் கரை சேர்ந்த இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைச் சொல்வார்கள். கொலைக்குத் தப்பி வந்து கரையேறியவரின் கதை ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சமும் உண்டு. 1690-ல் ஆங்கிலேயர் அதை மராத்தியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை கிராமங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். சுவையான வரலாறுதான், ஆனால் நாவலில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

கடலூரின் குறை, காதலர்கள் தனியாகப் பேச இடமே இல்லாதது. வெள்ளிக் கடற்கரையில் சேர்ந்து உட்கார்ந்தால் விடிவதற்குள் மீன் ஏலத்தில் அது பேச்சாகிவிடும். எழுதுகிறவருக்கு இது தொல்லைதான். ஆனால் வாயால் சொல்ல முடியாதவன் வேறு எப்படியாவது காட்டித்தானே ஆக வேண்டும்? ஏலத்துக்குப் போகும் முன்பே கூடையிலிருந்து நாலு சங்கரா மீனை எடுத்து, அவள் வாசலில் தாமரை இலையில் வைத்துவிட்டுப் போகட்டும். பாண்டிக் காபிக் கடையில் எழுதும் பத்துப் பக்க வசனத்தைவிட எனக்கு அது உசத்தி.

இரண்டுக்கும் நடுவே ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் கதையை வைத்தால் என்ன என்றும் கேட்கலாம். பஸ்ஸை நிறுத்தி மதுப்பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவும் இடம். ஒரு திகில் அத்தியாயத்துக்குப் பிரமாதம். முழு நாவலை அது தாங்காது.

சரி, பாண்டியில்தான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர்கள் வெள்ளைக்காரத் தெருக்களோடு நின்றுவிடாமல் வாய்க்காலைத் தாண்டி வாருங்கள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம், நெசவாளர்கள் வாழ்ந்த தெருக்களில் இன்னும் ஆள் யார் என்று விசாரிப்பார்கள். பேத்தி தாத்தாவின் பெரிய வீட்டை மீட்கட்டும், வேண்டுமானால் விற்கட்டும். குடியேறுவது மட்டும் முத்தியால்பேட்டையில் ஒரு வாடகை வீட்டில் நடக்கட்டும்.